மூத்தாள் பிள்ளை

கருத்தம்மாள் கம்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும் கேட்ட முதல் உத்தரவு, உள்ளறைப் பக்கம் தனியாகப் போகக் கூடாது என்பதுதான். சொன்னவள் கணவனுடைய அக்கா மொக்கம்மாள். இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்து தங்கிவிட்டவள். வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருக்கும்.

உள்ளறையில் ஒரு பிள்ளை கிடந்தான். அமாவாசையில் பிறந்ததால் அம்மாவாசி என்று பெயர். கருத்தம்மாளின் கணவன், நெல் வியாபாரி சுருளியாண்டிக்கும் அவனுடைய முதல் மனைவிக்கும் பிறந்த நாலாவது பிள்ளை. மூத்த மூன்றும் வயலிலும் வாய்க்காலிலும் விளையாடித் திரிந்தவை. குளிர்காய்ச்சல் கண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. இவனைப் பெற்ற கையோடு தாயும் கண்ணை மூடினாள். மொக்கம்மாள் அந்தப் பச்சைப் பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டுபோய்ச் சன்னல் இல்லாத உள்ளறையில் கிடத்தினாள். இவனுக்கு வெயில் ஆகாது, காற்று ஆகாது, அடுத்தவர் பார்வை ஆகாது என்று அவளே முடிவு செய்தாள். மூன்று பிள்ளைகளைக் குழியில் வைத்துவிட்டு வந்த வீட்டில் அவளை எதிர்த்துப் பேச யாருக்கும் நாக்கு எழவில்லை.

வயது நாலு நடந்தது. பிள்ளை நடக்கவில்லை.

மொக்கம்மாள் கதவைத் திறந்து போகும்போதும் வரும்போதும் கருத்தம்மாள் எட்டிப் பார்ப்பாள். நெற்றி புடைத்த பெரிய தலை. தலையணை எப்போதும் வியர்வையில் நனைந்திருக்கும். வயிறு உப்பி, கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. பாதம் மட்டும் பிறந்த குழந்தையின் பாதம்போல மெத்தென்று, தரையே பட்டறியாததாக இருந்தது.

மில்லில் வெள்ளையாகத் தீட்டிய அரிசியைக் குழைய வடித்து, சீனி போட்ட கஞ்சியை மூன்று வேளையும் அவனுக்குப் புகட்டினார்கள். நடுவில் அரோட்டு என்கிற கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சி. கீரை கொடுத்தால் வயிற்றால் போகும், தயிர் சளி பிடிக்கும், முட்டை சூடு என்று மொக்கம்மாள் ஒவ்வொன்றாக ஒதுக்கியிருந்தாள். கேப்பை கூலிக்காரர் சாப்பாடு. அதை அந்த வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை.

கருத்தம்மாளின் ஊர் மயிலாடும்பாறை. அங்கே அவள் அண்ணன் பிள்ளைகள் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு நாளெல்லாம் வெயிலில் ஆடு விரட்டித் திரிந்தன. அந்த ஊரிலும் பிள்ளைகள் செத்ததுண்டு. ஆனால் எந்தப் பிள்ளைக்கும் கால் இப்படி வளைந்து அவள் பார்த்ததில்லை. ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. தோன்றியதைக் கணவனிடம் சொன்னாள்.

"புள்ளைய வெளிய கொண்டாந்து காட்டுனா என்ன? காலைல செத்த நேரம் முத்தத்துல போட்டா..."

சுருளியாண்டி கை கழுவிக்கொண்டே சொன்னான். "அக்கா பாத்துக்கிரும். நீ இதுல தலையிடாத. மூத்தா புள்ள விசயம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஊரு ஒன்னையத்தான் சொல்லும்."

அதில் பொய்யில்லை. இரண்டாந்தாரமாக வந்தவளைத் தெரு எப்படிப் பார்க்கும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒருநாள் மொக்கம்மாள் துக்கம் கேட்கப் போயிருந்தபோது, முருங்கைக்கீரையைப் பருப்போடு மசித்துச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் போனாள். பிள்ளை ஆவென்று வாயைத் திறந்து கிண்ணத்தைக் காலி பண்ணினான். "இன்னும்" என்றான். அவன் பேசி அவள் கேட்டது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் அவன் வாந்தி எடுத்தான். பழக்கமில்லாத வயிறு, அவ்வளவையும் ஒரேயடியாகக் கொடுத்திருக்கக் கூடாது. துணியில் பச்சையைப் பார்த்த மொக்கம்மாள் தெரு வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள்.

"என்னத்தடி வச்ச? சொல்லு! எம் புள்ளைக்கு என்னத்தக் கலந்து வச்ச?"

"முருங்கக்கீர மதினி. சத்தியமா வேற ஒண்ணுமில்ல."

"இருந்த மூணும் போயி இந்த ஒண்ணு மிஞ்சுனது ஒனக்குப் பொறுக்கலையா?"

எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வாசலுக்கு வந்தன. சுருளியாண்டி நெல் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று கருத்தம்மாள் பார்த்தாள். அவன் மூட்டையின் சணலை இழுத்துக் கட்டினான்.

அதற்குப்பிறகு உள்ளறைக்குப் பூட்டு வந்தது. பிள்ளையின் கஞ்சியை மொக்கம்மாள் தனி அடுப்பில் காய்ச்சினாள். கருத்தம்மாள் அடுப்பங்கரையிலேயே கிடந்தாள். தெருக் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். ஊருக்குப் போகலாம் என்றால் அப்பா இல்லை. அண்ணன் வீட்டில் ஏற்கெனவே ஆறு வாய். பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை முனகும்போதெல்லாம், தான் இந்தப் பக்கம் அடைபட்டிருப்பதாகவே அவளுக்குத் தோன்றும்.

அந்த வருசம் தை முடிவதற்குள் நெல் கிட்டங்கியில் எலிகள் செத்து விழுந்தன. முதலில் சுருளியாண்டி வெளியே சொல்லாமல் புதைத்தான். பக்கத்துத் தெருவில் ஒருவனுக்குத் தொடையிடுக்கில் கட்டி கண்டு இரண்டே நாளில் செத்துப்போனதும் தண்டோரா போட்டார்கள். பிளேக் வந்துவிட்டது, ஊரைக் காலி பண்ண வேண்டும் என்று.

கம்பத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. பாத்திரம் பண்டங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாகத் தோட்டங்காடுகளுக்குப் போனார்கள். மேற்கே மலையடிவாரத்தில் சுருளியாண்டிக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. சோளத்தட்டையும் தென்னங்கிடுகும் வைத்து இரண்டு குடிசை போட்டான். தட்டைச் சுவரில் எங்கே பார்த்தாலும் வெயில் ஒழுகியது. மொக்கம்மாள் ஒரு மூலையில் சாக்குகளைத் தொங்கவிட்டு அதற்குள் பிள்ளையைக் கிடத்திக்கொண்டாள்.

மறுவாரம் ஊசி போட டாக்டரும் ஆட்களும் வந்தார்கள். போட்டுக்கொண்ட எல்லாருக்கும் கை வீங்கியது. மொக்கம்மாளுக்கு மட்டும் காய்ச்சல் அனலாகக் கொதித்து உடம்பு தூக்கிப் போட்டது. ஊசிக் காய்ச்சலா, பிளேக்கா என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் தன் அக்குளையும் தொடையிடுக்கையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கருத்தம்மாளைக் கூப்பிட்டாள்.

"புள்ளையத் தூக்கிட்டு அந்தக் குடிசைக்குப் போயிரு. எங்கிட்ட அண்ட விடாத."

கருத்தம்மாள் அசையாமல் நின்றாள்.

"ஒன்னைய நம்பிக் குடுக்கேன்னு நெனைக்காத. வேற ஆளு இல்ல. அதான்." மொக்கம்மாளுக்குப் பல் கிட்டியது. "தூக்கு!"

தூக்கும்போதுதான் கருத்தம்மாளுக்குத் தெரிந்தது, நாலு வயதுப் பிள்ளைக்கு இருக்கிற கனம் அவனுக்கு இல்லை. அவன் அத்தையைப் பார்த்துக் கையை நீட்டி, "அயித்த, அயித்த" என்று கதறினான்.

கைக்குப் பிள்ளை வந்தும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. அரிசிக் கஞ்சியில் சீனி போட்டு, மொக்கம்மாள் கொடுத்த மாதிரியே கொடுத்தாள். சாக்குத் திரை கட்டினாள். மறுபடி ஒரு வாந்தி, ஒரு காய்ச்சல் வந்தால் கொலைகாரி என்ற பேரோடுதான் அந்த ஊரில் இருக்க வேண்டும். பிள்ளையின் வளைந்த காலைப் பார்ப்பதும், திரையை இழுத்து மூடுவதுமாக இரண்டு நாள் போனது.

திரையை நீக்கியவன் அவன்தான். பக்கத்துக் குடிசை முருகம்மாளின் பிள்ளைகள் வெளியே வட்டமாக உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு அம்மாவாசி புட்டத்தால் நகர்ந்து நகர்ந்து வந்து சாக்குக்கு வெளியே தலையை நீட்டினான். வெயிலுக்குக் கண்ணை இறுக மூடினான். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தான். அவள் தண்ணீர்க் குடத்தோடு வந்து பார்க்கும்போது முருகம்மாளின் மகள் தன் விரலால் அவன் வாயில் கூழைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, நிறுத்து!" என்று கத்தப் போனவள் கத்தவில்லை. பிள்ளை அந்த விரலைச் சப்பிக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அன்றைக்கு மூன்று விரல் கூழ், மறுநாள் மோர் விட்டு அரைக் கிண்ணம் என்று கொடுத்தாள். வயிறு ஏற்றுக்கொண்டதைப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போனாள். காலையில் நல்லெண்ணெய் தேய்த்து இளவெயிலில் பாயில் கிடத்தினாள். முருகம்மாளின் பசு மாட்டுப் பால், அவளிடமே வாங்கிய முட்டை, வரப்பில் பறித்த கீரை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயின. பொழுது சாயும்வரை அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

டாக்டர் மறுபடியும் வந்தபோது பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்து நின்றார். குனிந்து காலை நீவிப் பார்த்தார். விலாவைத் தடவினார். சுருளியாண்டியைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளையை இருட்டிலேயே வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார்.

சுருளியாண்டி தலையாட்டினான்.

"எலும்பு பலமில்லாம வளைஞ்சிருக்கு. வெயில் பட்டாத்தான் எலும்பு உரம் பிடிக்கும். பாலும் முட்டையும் விடாமக் குடுங்க. மதுரையிலே மீன் எண்ணெய் கிடைக்கும், வாங்கிக் குடுங்க. இப்ப செய்யறதையே செய்யுங்க." அவர் அடுத்த குடிசைக்குப் போய்விட்டார்.

மொக்கம்மாளுக்குக் கட்டி எதுவும் வரவில்லை. வெறும் ஊசிக் காய்ச்சல்தான். எழுந்து நடமாடத் தொடங்கியதும் நேரே பிள்ளையிடம் வந்தாள். வெயிலில் கறுத்து, கையில் முட்டையோடு இருந்தவனைக் கண்டதும் அவள் முகம் சுருங்கியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்குத் திரைக்குள் வைத்தாள். அவனும் அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு போனான். கருத்தம்மாளுக்கு அது வலித்தது.

ஆனால் அவன் திரைக்குள் நிற்கவில்லை. மொக்கம்மாள் அசந்த நேரமெல்லாம் நகர்ந்து வெளியே வந்தான். சித்திரை பிறந்து ஒரு காலையில், நிறுத்தியிருந்த வண்டியின் சக்கர ஆரக்காலைப் பிடித்து எக்கி, இரண்டு காலிலும் நின்றான். கால்கள் வளைந்துதான் இருந்தன, நடுங்கின. ஆனாலும் நின்றான். கருத்தம்மாள் கையிலிருந்த மாவுச் சொளகைக் கீழே போட்டாள்.

மொக்கம்மாளும் பார்த்தாள். ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுத கண்ணோடேயே நாலு பக்கமும் பார்த்து முந்தானையால் அவனை மூடினாள்.

"எந்திரிச்சு நின்னுட்டான். எல்லாரும் பாத்துட்டாக. இனிமே இவன வெளிய விடப்படாது. கண்ணு பட்டுரும்."

பிள்ளை தேறியதே அவனுக்கு வினையாகிவிடும் போலிருந்தது.

ஊர் சுத்தமாகிவிட்டது, திரும்பலாம் என்று தாக்கல் வந்தது. வண்டியில் சாமான் ஏறியது. மொக்கம்மாள் முந்தின நாளே ஆள் அனுப்பி உள்ளறையை மெழுகிப் பாய் போட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தாள். அது காதில் விழுந்ததும் கருத்தம்மாள் குடிசை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏறு, நேரமாகுது" என்றான் சுருளியாண்டி.

"அந்த ரூமுக்குள்ள இவன மறுபடி போடுறதா இருந்தா நா வரல."

"வராம எங்க போவ?"

"போறதுக்கு எடமில்ல. அதுனாலதான் இங்கனயே இருக்கேங்குறேன். அங்க வந்து கதவுக்கு வெளிய ஒக்காந்து, அவன் முனகுறதக் கேட்டுக்கிட்டு என்னால இருக்க முடியாது. இம்புட்டு நாளும் நீங்க வாயத் தெறக்கல. இன்னிக்காவது ஒரு வார்த்த சொல்லுங்க. என்னையச் சொன்னாலும் சரி, மதினியச் சொன்னாலும் சரி."

வண்டிக்காரன் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி வேறெங்கோ பார்த்தான். முருகம்மாள் தன் சாமான்களை அப்படியே வைத்துவிட்டு நின்றாள்.

சுருளியாண்டி அக்காவின் அருகில் போய் மெல்லச் சொன்னான்.

"அக்கா, அந்த மூணையும் வெயிலு கொல்லலக்கா. காத்துங் கொல்லல. காச்சல்தான் கொன்னுச்சு. டாக்டரு சொன்னாரு, இவன் காலு இருட்டுலதான் வளைஞ்சிருக்கு."

மொக்கம்மாள் அவனைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த பிள்ளையின் காலைப் பார்த்தாள். "அப்ப நா செஞ்சதா?" என்றாள். "இவன் காலு நா செஞ்சதாடா?"

அவள் வண்டியில் ஏறாமல் பிள்ளையைக் கருத்தம்மாளின் மடியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வண்டிக்குப் பின்னால் ஊர்வரைக்கும் நடந்தே வந்தாள்.

உள்ளறையில் நெல் மூட்டைகளை அடுக்கினார்கள். அம்மாவாசி முற்றத்தில் தவழ்ந்தான், சுவரைப் பிடித்து நடந்தான். கேப்பை மாவும் கீரையும் வீட்டுக்குள் வந்தன. கொசுவலை ஒன்றும் மதுரையிலிருந்து வந்தது. காய்ச்சல் பயம் மொக்கம்மாளை விடவில்லை. இன்னொன்றும் விடவில்லை. கருத்தம்மாள் எதைக் கொடுத்தாலும் மொக்கம்மாள் கிண்ணத்தை வாங்கி முதலில் தான் ஒரு வாய் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்துதான் பிள்ளையிடம் விடுவாள். கூழானாலும் கீரையானாலும் அப்படித்தான். கருத்தம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வேளையும் நிற்பாள். தெருவெல்லாம் அறிய நடந்த பழி, வேளைக்கு ஒருதரம் அவள் முகத்துக்கு முன்னால் மறுபடியும் நடக்கும். பிள்ளை சாப்பிடுகிறானே என்று பொறுத்துக்கொண்டாள்.

அடுத்த அறுவடைக்குள் அவன் எதையும் பிடிக்காமல் நடந்தான். இடது கால் மட்டும் கொஞ்சம் வளைந்தே நின்றுவிட்டது, அது நிமிரவில்லை. நடந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கோழியை விரட்டினான்.

ஒருநாள் மத்தியானம் கருத்தம்மாள் பருப்புக்கீரைச் சோற்றைப் பிசைந்து, வழக்கம்போல மொக்கம்மாளிடம் நீட்டினாள். மொக்கம்மாள் புளி உருட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட எதுக்கு நீட்டுற? ஆறிப்போகுது. அவனுக்குக் குடு."