டிஸ்னிலாண்டில் எத்தனை நாள்?

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அதனால் தியாகராய நகரில், தணிகாசலம் ரோட்டிலிருந்த அந்த வீட்டுக் கூடத்தில் காலையிலேயே மூன்று ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒரு பொம்பளை டிஸ்னிலாண்டில் எத்தனை நாள் இருக்கலாம் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பொம்பளை சண்முகவடிவு. அவள் அடுப்படியில் நின்று அந்த மூன்று பேருக்கும் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. தோசையைத்தான் கூப்பிட்டார்கள்.

மூன்று பேரில் ஒருவர் அவளுடைய புருஷன் அய்யாதுரை. உஸ்மான் ரோட்டில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவர். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். இன்னொருவர் அவர் தம்பி சண்முகசுந்தரம், கல்லாவில் உட்காருகிறவர். மூன்றாவது ஆள் மயிலாப்பூர் ஆடிட்டர் பத்ரிநாராயணன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கா போய் வந்தவர். அதற்கப்புறம் அந்தத் தேசத்தைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் தன்னைக் கேட்காமல் திறந்துவிட்டதாகக் கோபித்துக்கொள்வார்.

அது 1974, ஆனி மாதம். ஆடி பிறந்தால் பாத்திரக் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பதால் அண்ணாச்சியும் பெண்சாதியும் ஆடியில் அமெரிக்கா போவதாக ஏற்பாடு. மகன் ஜவஹர் சான்பிரான்சிஸ்கோவில் இன்ஜினீயர்; மருமகள் ஜெயபாரதியும் இரண்டு பிள்ளைகளும் அவனோடு அங்கேதான், சின்னவன் கைக்குழந்தை. டிக்கெட் எல்லாம் அவன் செலவு. அங்கே போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, அவன் வீட்டிலிருந்து காரில் கிளம்பி நாலைந்து ஊர் சுற்றி, கடைசியில் டிஸ்னிலாண்டு பார்த்து, திரும்ப அவன் வீட்டுக்கே வருவதாகத் திட்டம். போன தடவை போனில் பேசியபோது, ஹோட்டலில் ரூம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், பார்க்கில் எத்தனை நாள் என்று அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தான்.

அம்மாவைக் கேட்டு! அண்ணாச்சி அதை ரசத்தைப் பிசைந்துகொண்டே போகிறபோக்கில் சொன்னார். வடிவு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கேட்பார், இன்றைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்று ஒரு வாரம் இருந்தாள். கேட்கவே இல்லை. இப்போது பதினோரு மணிக்கு ஜவஹருக்கு ஃபாரின் கால் புக் பண்ணியிருக்கிறது. அதற்குள் பதில் முடிவாக வேண்டும். முடிவு கூடத்தில் ஆகிக்கொண்டிருந்தது.

அவளைக் கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது. ஜவஹர் ஒரு தடவை யாரிடமோ டிஸ்னிலாண்டு படங்களோடு ஒரு வியூமாஸ்டர் கொடுத்தனுப்பியிருந்தான். கண்ணில் வைத்து, பக்கத்திலிருக்கும் குச்சியை அழுத்தினால் ஒவ்வொரு படமாக மாறும். பேரப்பிள்ளைகள் வந்தால் பார்க்கட்டும் என்று அதை அலமாரியில் வைத்தார்கள். மத்தியானத்தில் வீடு கண்ணயர்ந்ததும் வடிவு ஜன்னலோரம் நின்று அதைப் பார்ப்பாள். கோட்டை, மலைக்குள் நுழைகிற ரயில், தண்ணீரில் மிதக்கிற படகு, அதில் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு நரைத்த தலைக்காரி. அந்தக் கிழவியைப் பார்த்த பிறகுதான் வடிவுக்கு இதெல்லாம் தனக்கும் உண்டு என்று தோன்றியது. முதல் நாள் வழி பிடிபடவே சரியாகிவிடும். இரண்டாம் நாள் பார்க்க வேண்டும். பிடித்ததை மூன்றாம் நாள் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அவள் ஐம்பது வயதுக்குள் பிடித்த எதையும் இரண்டாம் தடவை பார்த்தது கிடையாது.

"ஒரு நாளே ஜாஸ்தி" என்றார் ஆடிட்டர், தோசையைச் சட்னியில் தோய்த்துக்கொண்டு. "நம்மூர்ப் பொருட்காட்சிதான், கொஞ்சம் பெரிசு. அவ்வளவுதான். என் ஆத்துக்காரி ரெண்டு மணி நேரத்துல களைச்சுப் போயிட்டா. ஒரு பெஞ்சுல உக்காந்துண்டு எங்க பையையெல்லாம் பாத்துண்டா. பரம சௌக்கியம்."

களைத்துப் போனாளா, உட்கார வைத்தார்களா என்று அடுப்படியில் வடிவு கேட்டுக்கொண்டாள். அந்த மாமியை அவளுக்குத் தெரியும். கபாலி கோயில் அறுபத்துமூவருக்கு நாலு மாடவீதியையும் வெறுங்காலோடு சுற்றுகிறவள்.

"வடிவுக்கு மூட்டு வலி வேற" என்றார் அண்ணாச்சி.

மூட்டு வலி அவருக்கு. தைலம் தேய்த்துவிடுகிறவள் வடிவு. யாருக்கு வலி என்பதுகூட இந்த வீட்டில் சௌகரியம் போல மாறிக்கொள்ளும்.

"வேணும்னா ரெண்டு நாளாப் போடுவோமே அண்ணே" என்றான் சண்முகசுந்தரம். பாவம், நல்லவன். ஆனால் உடனே விரலை மடக்கினான். "அடடே, ரெண்டு நாளுன்னா அவன் வீட்டுக்குத் திரும்புதது ஒம்பதாம் நாளுல்லா வருது?"

கிளம்பிய ஒன்பதாம் நாள் வீடு திரும்பக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தில் கல்லில் வெட்டிய சட்டம். ஆடிட்டரும் தலையாட்டினார். அவர்கள் வீட்டிலும் அப்படித்தானாம். பிறகு சண்முகசுந்தரத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே இன்னும் சனிக்கிழமைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் ஒன்பதாம் நாள் எந்த ஊர்க் கணக்கு? நம் ஊர்ச் சாமி நம் ஊர்க் கணக்கைத்தானே பார்க்கும் என்றார் அண்ணாச்சி. படித்த மனுஷன் ஆடிட்டர் அதையும் யோசித்துப் பார்த்தார். கடைசியில் எதற்கு வம்பு, ஒரு நாளே போதும், எட்டாம் நாள் திரும்பிவிடலாம் என்று தீர்ந்தது.

எட்டாம் நாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் வடிவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கோவில்பட்டிக்கு, அம்மா வீட்டுக்கு எத்தனை தடவை போனாலும் எட்டாம் நாள் காலையில் வாசலில் கார் வந்து நிற்கும். ஒன்பதாம் நாள் ஆகாதே, அதனால் எட்டு. பத்து என்று ஒரு எண் உலகத்தில் இருப்பதே இவர்களுக்குத் தெரியாது. கடைக்குச் சரக்கு எடுக்கப் பம்பாய் போனால் மட்டும் அண்ணாச்சிக்குப் பத்தும் தெரியும், பன்னிரண்டும் தெரியும்.

அவள் அடுப்பை அணைத்தாள். தோசைத் திருப்பியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே கூடத்துக்கு வந்தாள்.

"ஒம்பதாம் நாள் திரும்பக் கூடாது. சரி. பத்தாம் நாள் திரும்புனா எந்தச் சாமி கோவிச்சுக்கிடும்?"

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். அண்ணாச்சிக்கு அவள் என்ன கேட்கிறாள் என்றே முதலில் விளங்கவில்லை.

"என்ன வடிவு இது? ஆடிட்டர் சாமி இருக்காரு."

"இருக்கட்டும். அவருக்கும் சேத்துத்தான தோசை போட்டேன், கேட்டுக்கிடட்டும். இத்தன வருசமா நீங்க குறைச்சுத்தான் கணக்குப் போட்டிருக்கிய. ஒருவாட்டி கூட்டிப் போட்டா என்ன? எங்கம்மா சாகக் கெடந்தா. அப்பவும் எட்டாம் நாளு கார அனுப்புனிய. ரெண்டு நாளு இருந்துட்டு வாறேன்னு சொன்னேன். ஒம்பதாம் நாளாயிரும்னு சொன்னிய. நான் இங்க வந்து எறங்குன மறுநா தந்தி வந்துச்சு. வந்துச்சா இல்லியா?"

அண்ணாச்சி தட்டைப் பார்த்தார். ஆடிட்டர் தண்ணீர் குடித்தார்.

"மைனி, அது வேற, இது வேற" என்றான் சண்முகசுந்தரம் மெதுவாக.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எம் மவன் என்னயக் கேக்கச் சொன்னான். நீங்க கேக்கல. எம் மவனுக்கு இருக்குத புத்தி இங்க ஒருத்தருக்கும் இல்ல."

அதற்குமேல் பேசினால் அழுகை வந்துவிடும். அழுதுவிட்டால் அழுகையைச் சமாதானப்படுத்திவிட்டு விஷயத்தை மூடிவிடுவார்கள் என்று தெரியும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

டெலிபோன் அடித்தது. அண்ணாச்சி தப்பித்தோம் என்று பாய்ந்து எடுத்தார். ஆபரேட்டர் பெண் லைனைக் கொடுத்ததும் அமெரிக்கா வரை தன் குரலே போய்ச் சேர்ந்துவிடும் என்பது போலக் கத்தினார். "ஹலோ! ஜவஹரு! ஒரு நாளு போதும்! கேக்குதா? ஒரே நாளு!"

வடிவு நேரே போய் ரிசீவரை அவர் கையிலிருந்து வாங்கினாள். பிடுங்கினாள் என்று சொல்வதுதான் சரி.

"ஜவஹரு, அம்மா பேசுதேன்."

"அம்மா! நல்லாருக்கியாம்மா?" இரைச்சலுக்கு நடுவே மகன் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒரு நாள் போதும்னு நீதான் சொன்னியா? நானும் அதத்தான் நெனச்சேன். சின்னவனுக்குக் கூட்டம் ஒத்துக்காதும்மா. ஹோட்டல் ரூம்ல அவன ஒன்னால எத்தன நாளு தனியா வச்சுக்கிட முடியும்னுதான் அப்பாகிட்ட கேக்கச் சொன்னேன். நீ அவனப் பாத்துக்கிட்டா, நானும் ஜெயபாரதியும் அப்பாவக் கூட்டிட்டுப் போயி எல்லாத்தயும் காட்டிருவோம்."

வடிவு கூடத்திலிருந்த மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தாள். இவர்களாவது அவளைக் கேட்கவில்லை. இவன் கேட்டிருக்கிறான். ஆயா வேலைக்கு எத்தனை நாள் வருவாய் என்று கேட்டிருக்கிறான். இந்தப் பிள்ளையை நம்பித்தான் இப்போது கூடத்தில் அத்தனை பேச்சுப் பேசினாள். அவள் வயிற்றில் பிறந்து, அவள் கையால் தின்று வளர்ந்தவன், அப்பனைவிட அழகாகக் கணக்குப் போட்டிருக்கிறான். முதலில் அவமானமாக இருந்தது. அப்புறம், அவமானப்பட நான் யாருக்கு என்ன செய்தேன் என்று கோபம் வந்தது. அந்தக் கோபம் அவள் குரலை நன்றாகவே தெளிவாக்கியது.

"ஜவஹரு, நல்லாக் கேட்டுக்க. மூணு நாளு ரூம் போடு. மொத நாளு சின்னவன நான் வச்சுக்கிடுதேன். நீங்க எல்லாரும் போங்க. ரெண்டாம் நாளு ஒங்கப்பா வச்சுக்கிடுவாக."

"நானா?" என்றார் அண்ணாச்சி பின்னாலிருந்து. "பச்சப் பிள்ளையவா?"

"மூணாம் நாளு நீ வச்சுக்க. ரெண்டு நாளும் நான் போவேன். என்னய எந்த பெஞ்சுலயும் உக்கார வைக்கக் கூடாது. படகுல ஏறணும், ரயில்ல ஏறணும். ஜெயபாரதி கூட வரட்டும். அவளயும் யாரும் கேட்டிருக்க மாட்டிய."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது, ஜவஹர் ஏதோ முணுமுணுத்தான். பிறகு, பாத்திரக் கடைக்காரர் மகன் எல்லாச் சிக்கலுக்கும் சொல்கிறதைத்தான் அவனும் சொன்னான்.

"அம்மா, அப்பாகிட்ட போனக் குடும்மா."

"ஒங்கப்பா பக்கத்துலதான் நிக்காக. அவுககிட்ட சொல்லப் போறத எங்கிட்ட சொல்லு."

அதற்குள் ஆபரேட்டர் குறுக்கே வந்தாள். "மூணு நிமிஷம் ஆயிடுச்சு. நீட்டிக்கணுமா சார்?"

அண்ணாச்சியின் கை பழக்கதோஷத்தில் டெலிபோனை நோக்கி வந்தது. கால் முடிந்தால் போனை வைத்துவிடுவதுதான் அவர் வழக்கம். வடிவு ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"சார் இல்லம்மா, நான்தான் பேசுதேன். நீட்டும்மா. அவன் இன்னும் சரின்னு சொல்லல."