பணிமனை வாசலில் ஆறாம் மாதம்

மூன்றரைக்கு அலாரம். ஒரு கோப்பை காப்பி. சவரம். நேற்றைய ரொட்டி, கொஞ்சம் வெள்ளைப் பாலாடைக்கட்டி. கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். இன்று கையில் ஒரு பாத்திரம் கூடுதல்: இறந்தவர் நினைவாக எல்லோருக்கும் கொடுக்க, சர்க்கரை போட்டு அவித்த கோதுமை. என் மனைவி ரலிட்சா இறந்து ஆறு மாதம்.

நான் டிராம் பணிமனையில் டைம் கீப்பர். ஓட்டுநர் பதிவேட்டில் 'பிரேக் சரி' என்று கையெழுத்திட்டால்தான் சாவி தருவேன். பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க நேரம் தரப்படவில்லை. தொழிற்சங்கம் அதற்குக் கேட்பது இருபது நிமிடமும் ஒரு மெக்கானிக்கும்தான். முதலில் கேட்டவள் ரலிட்சா. ஆறு மாதம் முன்பு சந்தை இறக்கத்தில் நிற்காமல் போனது அவள் ஓட்டிய டிராம். பதிவேட்டில் அவள் கையெழுத்து இருந்தது. தவறு அவளுடையது என்று நிர்வாகம் எழுதிக் கோப்பை மூடியது.

சங்கம் ஒட்டும் சுவரொட்டிகளை மேலாளர் ஸ்தாமெனொவ் அன்றன்றே கிழித்துவிடுவார். ஆனால் இறந்தவர் படம் போட்ட தாளை எங்கள் ஊரில் யாரும் கிழிப்பதில்லை. மழை கிழித்தால்தான் உண்டு. அதனால் அவள் படத்தைக் கறுப்புக் கட்டமிட்டு அச்சடித்து வாசலில் ஒட்டினேன். கீழே ஒரே வரி: 'வியாழன், காலை நாலரை, எல்லா ஓட்டுநர்களும் வாருங்கள்.'

ஒட்டிய அன்று ஸ்தாமெனொவ் அதன் முன் நின்றார். கையைத் தூக்கினார். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்று நாலரைக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். சங்கத் தலைவி ட்ஸொன்கா காகிதக் கோப்பைகளில் கோதுமையைக் கொடுத்தாள்.

"பிரேக்கைப் பார்க்காம இன்னைக்கு யாரும் கையெழுத்துப் போடாதீங்க."

ஸ்தாமெனொவ் படியில் வந்து நின்றார். "லூபென் தம்பி, நினைவு நாள்ல அரசியல் பண்ணாதே. உன் பொண்டாட்டியே பார்க்காமத்தான் போட்டா. அஞ்சு மணிக்கு வண்டி கிளம்பலேன்னா எல்லாருக்கும் சீட்டு கிழியும்."

முதல் வண்டி யாவோருடையது. வாசலோரம் இருந்த என் மேசைக்கு வந்து பேனாவை எடுத்தான். "எனக்கு ரெண்டு புள்ளைங்க, அண்ணே."

"உன் புள்ளைங்க டிராம்ல ஏறாதா?" என்றாள் ட்ஸொன்கா. "ஹெலிகாப்டர்லயா ஸ்கூலுக்குப் போகுதுங்க?"

யாரும் சிரிக்கவில்லை. யாவோருக்குப் பின்னால் இன்னும் இருவர் வந்து நின்றார்கள்.

பதிவேட்டை மூடினேன்.

"ரலிட்சா போடமாட்டேன்னுதான் சொன்னா. வண்டி குறையுதுன்னு ஸ்தாமெனொவ் சார் போன்ல கத்தினார். நான்தான் பேனாவை அவ கையில கொடுத்தேன். இன்னைக்கு ஒருநாள் போடு ரலின்னேன். விசாரணையில இதை நான் சொல்லல."

"உன் வேலை போச்சுடா," என்றார் ஸ்தாமெனொவ்.

"தெரியும் சார்."

சாவிப் பலகையைப் பூட்டி, அந்தச் சாவியை ட்ஸொன்காவிடம் கொடுத்தேன். யாவோர் பேனாவை மேசையில் வைத்தான். மற்ற இருவரும் நகர்ந்தார்கள். ஐந்து மணி ஆனது. ஒரு வண்டியும் அசையவில்லை.

வாசலில் சங்கம் இன்று காலை கட்டியிருந்த பதாகையை ட்ஸொன்கா பார்த்தாள். ரலிட்சாவின் கடைசி வார்த்தை என்று அதில் எழுதியிருந்தது: 'போராட்டத்தை விடாதீர்கள்.'

"அதை நாங்களாத்தான் எழுதினோம், லூபென். நெசமா என்ன சொன்னா?"

அன்று வயர்லெஸ்ஸில் அவள் குரலைக் கேட்டவன் நான் மட்டும்தான். சொன்னேன்.

"லூபென், பிரேக் பிடிக்கல. நீ சொன்னியேன்னுதானே கையெழுத்துப் போட்டேன்."