தலை மட்டும்தான் பாக்கி

பீடத்துக்கு இருபுறமும் வைக்க மரத்தில் இரண்டு வானதூதர்கள் வேண்டும் என்று தேவாலயத்துப் பாதிரியார் வந்து கேட்டபோது, என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "நான் செதுக்கிடுறேன் ஃபாதர். இவளும் கூடமாட ஒத்தாசை பண்ணுவா."

ஒத்தாசையாம்! கல்யாணமான நாளிலிருந்து அவர் பிடிக்கிற அதே உளியைத்தான் நானும் பிடிக்கிறேன். நான் ஒரு ரோஜாவைச் செதுக்கினால் பார்க்கிறவர் மூக்கு தானாக அதன் பக்கம் போகும். பாதிரியார் தலை மறைந்ததும் ஒரு தேக்குக் கட்டையை என் மேஜைக்கு இழுத்துக்கொண்டேன். "ஒண்ணு உங்களுது, ஒண்ணு என்னுது. பாத்துடலாம்." அதோடு பேச்சு நின்றது. சோறு வைப்பேன், சாப்பிடுவார், அவ்வளவுதான்.

வந்தது வினை. பாதிரியார் கொடுத்த மாதிரிப் படம் ஒன்றுதான்: கூப்பிய கை, நேரான உடம்பு, வலப்பக்கம் திரும்பிய முகம். தூதர்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமானால், யாராவது ஒருவர் தாளைப் புரட்டிப் போட்டுக் கோடு எடுக்க வேண்டும். வாயைத் திறந்து கேட்டால் குறைந்தா போய்விடுவோம்? இந்த மனுஷன் இறங்கி வரமாட்டார் என்று நான் புரட்டினேன். இவள் இறங்கி வரமாட்டாள் என்று அவரும் புரட்டியிருக்கிறார். முடித்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், இரண்டும் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி இடப்பக்கமே பார்க்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குள் பீடத்தில் ஏற்றியாக வேண்டும். ஒரு தூதரின் தலையை அறுத்தெடுத்து, மிச்சத் தேக்கை ஒட்டி, முகத்தை மறுபடி செதுக்குவதுதான் வழி. யாருடைய தலையை?

மறுநாள் அவர் பசை வாங்கப் போன நேரம் பார்த்து ரம்பத்தை எடுத்தேன். விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்னொரு முகம் செதுக்க எனக்குத் தெம்பு இருக்கிறது; கோபத்தில் அவருக்குக் கை ஓடாது. ஆனாலும் வலிக்கத்தான் செய்தது. அறுத்து முடித்துவிட்டு, அளவு பார்க்க அவருடைய தூதர் மேல் கிடந்த சாக்கை விலக்கினேன்.

அதற்கும் தலை இல்லை! காலையில் நான் கடைக்குப் போயிருந்தபோது அறுத்திருக்கிறார்.

பசை டப்பாவோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "அடிப்பாவி! உன்னுதுல ஏன்டி கைய வெச்ச?"

"நீங்க ஏன் வெச்சீங்களாம்?"

"உன்னுது என்னுதவிட நல்லா வந்திருந்துச்சு. அது அப்படியே இருக்கட்டும்னுதான்..."

எத்தனை வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன்! அதைச் சொல்ல வைத்த முகம் இப்போது ரம்பத்தில் தாடை சிதைந்து, திரும்ப ஒட்ட வழியில்லாமல் என் மடியில் தனியாகக் கிடக்கிறது.

அந்த நேரம் பார்த்துப் பாதிரியார் போன் செய்தார். "வேலை எந்த அளவுல இருக்கும்மா?"

"பிரமாதமா போகுது ஃபாதர். தலை மட்டும்தான் பாக்கி."

என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நானும் போனை வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

தலைகளுக்கு மிச்சத் தேக்கில் இரண்டு கட்டைகளை ஒட்டினோம். பசை காய்ந்ததும் பென்சிலை என் பக்கம் நீட்டினார். "மொதல்ல நீ கோடு போடு. உன்னுதப் பாத்து நான் போடுறேன்."

"என்னுது வலப்பக்கம் பாக்கும், உங்களுது இடப்பக்கம்," என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.