மூன்றாவது பாட்டு

“ஒருவேள கொரல் போயிருச்சுன்னா?”

“போனா என்னலா? அதான் சீடியில பத்துப் பாட்டு இருக்கே. அது உன்னவிட நல்லாவே பாடும்.”

தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் போன அன்று, மருத்துவமனை வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பவித்ரன் தன் மனைவியைச் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னது அது. தனேஸ்வரியும் சிரித்தாள். அவன் தோளில் ஓர் அடியும் போட்டாள். சொன்னது பலித்தால் சொன்ன வாய்க்குச் சர்க்கரை போடுவார்கள். இந்த வாய்க்கு என்ன போடுவதென்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

கட்டி குரல் நரம்போடு ஒட்டியிருந்தது. யார்மேலும் குற்றமில்லை. உயிர் பிழைத்தது, குரல் பிழைக்கவில்லை. காய்ந்த ரப்பர் சருகை மிதித்தாற்போல் ஓர் ஓசைதான் மிச்சம். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கும்.

அதற்கு முன் அவள் மலேசியாவின் ஈப்போ நகரத்து ஹோட்டல் ஒன்றில் வார இறுதிகளில் ஜாஸ் பாடிக்கொண்டிருந்தாள். சிலிம் ரிவர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகளுக்கு இந்தப் பாட்டு எங்கிருந்து வந்ததென்று சொந்தபந்தமெல்லாம் வியக்கும். பழைய டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில், அதே ஹோட்டலில் அவளுக்கு வாசிக்கும் ஹோ அங்கிள் பியானோ வாசிக்க, அவளுடைய ஒரே ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். ஆறு பாட்டு பழைய அமெரிக்க ஜாஸ். மற்ற நான்கும் இந்தக் காலத்து மலாய், தமிழ்ப் பாட்டுகள், அதே சாய்வும் நெளிவுமாக. மூன்றாவது பாட்டில், கடைசி அடிக்கு முன்னால், அவள் மூச்சிழுப்பது நன்றாகவே கேட்கும். வெட்டிவிடலாம் என்றார் ஒலிப்பதிவு செய்தவர்.

“வெட்டாதீங்கண்ணே. அதுதான் எம்பொண்டாட்டி” என்று தடுத்தவன் பவித்ரன்.

குரல் போன இந்த இரண்டு வருடமாகக் காரிலும் அந்த ஆல்பம்தான், அடுப்படியிலும் அதுதான். அந்த மூச்சு வரும்போது பவித்ரன் ஸ்டீரிங்கை ஒரு தட்டுத் தட்டி, “கேளேன், எப்படிப் பாடுற பாரு!” என்பான். பாடுற! நிறுத்துங்க என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வரும். ஆனால் அதையும் நிறுத்திவிட்டால் அவனுக்குத் தன்னிடம் பிரியம் வைக்க வேறு என்ன இருக்கிறது? அந்தப் பயத்தில் விழுங்கிவிடுவாள். வீட்டில் அவள் பேசுவதே குறைந்து போயிற்று. அடுத்த அறையில் இருப்பவனுக்கும் வாட்சாப்பில்தான் ‘சாப்பிட வாங்க’.

அந்த நேரத்தில்தான் அவன் அக்கா குமுதாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது.

“தனேசு, நீ பாடாம எம்மவளுக்கு விருந்தா?” என்றாள் குமுதா.

“சீடியப் போட்டுருவோம்க்கா. இவ வாய அசைச்சாப் போதும்லா. யாருக்குத் தெரியப்போவுது?” என்றான் பவித்ரன். அவன் முகம் அத்தனை மலர்ந்திருந்தது.

“அதானே! சினிமாக்காரிங்க எல்லாம் அசைக்கத்தானே செய்யிறாளுங்க. அவளுங்களுக்கு நீ என்ன கொறச்சலு?”

தனேஸ்வரி தலையாட்டினாள். தலையாட்டக் குரல் தேவையில்லை.

விருந்து, சிலிம் ரிவர் பழைய தோட்டத்து மண்டபத்தில். சுற்றிலும் ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது. மண்டபம் மட்டும் புதுச் சாயத்தோடு நிற்கிறது. மத்தியானமே ஒத்திகைக்கு வந்துவிட்டார்கள். குமுதா ஒரு மூலையில் பலூன் கட்டுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கி போடும் பிச்சைமுத்து மைக்கை நீட்டினார். “ஆஃப் பண்ணித்தான் இருக்குக்கா. சும்மா புடிச்சுக்கிட்டு நின்னாப் போதும்.”

செத்த மைக் கனத்தது.

மூன்றாவது பாட்டு தொடங்கியது. முதல் வரிசையில் பவித்ரன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் வாயசைத்தாள். சொல் ஒன்றும் மறக்கவில்லை, உதடுகள் தாமாகவே போயின. ஆனால் பாதி வரியிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒலிபெருக்கியில் இருந்தவளுக்கு வாங்கவில்லை. அவள் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனாள்.

கடைசி அடி வந்தது. அந்த மூச்சு கேட்டது. மண்டபம் முழுக்க, பெரிதாக.

தனேஸ்வரி பவித்ரனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடியிருந்தான். இமையோரம் ஈரம். விரல் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிற்று.

அவள் வாயசைப்பதை நிறுத்தினாள். மைக்கையும் இறக்கினாள். உதட்டை இறுக மூடி, அவன் எதிரிலேயே நின்றாள். பாட்டு நிற்கவில்லை. அவன் கண்ணும் திறக்கவில்லை. இந்த இரண்டு வருடமும் தான் நின்றது இப்படித்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

பிச்சைமுத்துவிடம் கையைக் காட்டினாள். பாட்டு அறுந்தது.

“என்னலா, கரண்ட் போச்சா?” பவித்ரன் திடுக்கிட்டுக் கண் விழித்தான்.

அவள் மைக்கின் பொத்தானைத் தானே தள்ளினாள். கரகரவென்ற அவளுடைய மூச்சு மண்டபத்தின் நாலு மூலைக்கும் போயிற்று. பலூன் கட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

“ஏங்க…”

குரல் பிசிறியது. தொண்டையைச் செருமி, மறுபடி மூச்சு வாங்கினாள்.

“இனிமே… அந்தப் பாட்டப் போடாதீங்க. அவ… போயிட்டா. நான்தான் இருக்கேன்.”

“தனேசு…” அவன் எழுந்தான்.

“உக்காருங்க. இந்தக் கொரல்ல… ஒரு பாட்டுப் பாடுறேன். நல்லா இருக்காதுதான். ஆனா… கண்ண மூடாமக் கேளுங்க.”