மூன்றாவது தலை

எங்கள் நெடுஞ்சாலையின் இடது ஓரத் தடத்தை எங்களிடமிருந்து பிடுங்கிய வருஷம், நாட்டுக்கு இருநூறு வயது. வீட்டுக்கு வீடு கொடி கட்டியிருந்தார்கள். ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் அந்தக் கோடையில் நாட்டைப் பற்றி எவன் பேசினான்? எல்லாரும் தடத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

நேற்றுவரை எல்லாரும் போய்வந்த தடம். ஒரு திங்கட்கிழமை பார்த்தால் தரையில் வைர வடிவத்தில் வெள்ளைக் கட்டம் வரைந்து, வண்டிக்குள் மூன்று பேர் இருந்தால்தான் போகலாம் என்று பலகை வைத்துவிட்டார்கள். ஊர் மொத்தமும் மீதித் தடங்களில் ஒட்டிக்கொண்டு நின்றது. பக்கத்திலேயே ஒரு தடம் காலியாகக் கிடக்க, அதில் எப்போதாவது ஒரு வண்டி விர்ரென்று போகும். வெயிலில் வேகிறவனுக்கு வயிறு எரியாதா? எரிந்தது. ரேடியோவுக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். தடத்தில் ஆணி கொட்டினார்கள். துணிக்கடைப் பொம்மைக்குத் தொப்பி மாட்டிப் பக்கத்தில் உட்காரவைத்துப் போன கில்லாடிகளும் உண்டு. ரோந்துப் போலீஸ்காரர் மோட்டார்சைக்கிளில் வண்டியை ஒட்டி வந்து தலை எண்ணுவார். பொம்மை கண் சிமிட்டாது என்பது அவருக்குத் தெரியும்.

நான் மட்டும் அந்தத் தடத்துக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாதென்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

காரணம் ரமிரோ. என் புருஷன். வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறவர். வயிற்றில் புற்று, இனிமேல் ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்ய ஒன்றுமில்லை என்று மே மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. நகரத்து அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்கிற வரைக்கும்தான் அவருடைய மருந்துக்குக் காப்பீடு. வேலை போனால் மருந்தும் போச்சு. அதனால் பகலெல்லாம் அவருடைய தங்கை சொக்கோரோ பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஆறரைக்கு அவருக்கு அந்தப் பழுப்பு மருந்து. அதைக் குடித்தால் வலி அடங்கும், கூடவே அவரும் அடங்கிவிடுவார். விடியும்வரை தூக்கம். காலையில் நான் கிளம்பும்போது பாதி மயக்கத்தில் இருப்பார். ஆக, ஒரு நாளில் எனக்குக் கிடைக்கிற ரமிரோ, நான் வீடு சேருவதற்கும் ஆறரைக்கும் நடுவில் இருப்பவர்தான். வைரத் தடத்தில் வந்தால் முக்கால் மணி நேரம் கிடைக்கும். மற்றத் தடத்தில் வந்தால் தூங்குகிற முகத்தைத்தான் பார்க்கலாம்.

அவர் ரேடியோவை மார்மேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பார். ஹெலிகாப்டரிலிருந்து ஒருவர் எங்கே எவ்வளவு நெரிசல் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதைக் கேட்டுக் கேட்டு நான் எங்கே வந்துகொண்டிருக்கிறேன் என்று ரமிரோ கணக்குப் போடுவார். “பாலத்தைத் தாண்டிட்டா. கோழிச் சாறைச் சூடு பண்ணு” என்று தங்கையிடம் சொல்வார். நான் கதவைத் திறக்கும்போது தட்டில் ஆவி பறக்கும்.

“வந்துட்டியா கிழவி? அந்த வைரம் இன்னும் இருக்கா?”

“இருக்கு கிழவா.”

“கோணலா அடிச்சிருக்கானுங்க. நான் அடிச்சிருந்தா நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்.”

நான்கு கரண்டி சாறு குடிப்பார். மீதி நேரமெல்லாம் பேச்சு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பேசாததையெல்லாம் அந்தக் கோடையில் பேசினோம்.

என் வண்டியில் என்னோடு வந்தவள் பெர்னிஸ். அடுத்த தெரு, டெலிபோன் ஆபீசில் வேலை, வாய் மட்டும் ஊருக்கே. மூன்றாவதாக ஹரிஸ் என்று ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். ஜூன் கடைசியில் அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. இரண்டு நாள் நெரிசலில் ஊர்ந்து வந்தேன். இரண்டு நாளும் ரமிரோ தூங்கிப்போயிருந்தார்.

“பேசாம ஒரு பொம்மையை வாங்கி உட்கார வெச்சிடுவோம். ஹரிஸுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது” என்றாள் பெர்னிஸ்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நெடுஞ்சாலைக்கு ஏறுகிற பாதையில் ஒரு விளக்கு உண்டு. பச்சைக்கு ஒரு வண்டிதான். வரிசை தெருவரை நீளும். அந்த வரிசையில் வண்டி வண்டியாக நடந்து, தடத்தை ஒழிக்கச் சொல்லி மனுவில் கையெழுத்து வாங்குவார் ஒரு பெரியவர். பெயர் லாயிட். வழுக்கைத் தலை, அரைக்கைச் சட்டை, கையில் அட்டை. லிஃப்ட் கம்பெனியில் வேலை. ரேடியோவில் அடிக்கடி குரல் வரும். எங்கள் பேட்டையில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. ஹரிஸ் போன மூன்றாம் நாள் காலையில் என் ஜன்னலில் குனிந்தார்.

“ஒரு கையெழுத்தும்மா. நம்ம காசுல போட்ட ரோடு, நம்மளையே விடமாட்டேங்கறான்.”

“நீங்க நகரத்துக்குத்தானே போறீங்க?” என்று கேட்டேன்.

“ஆமாம்மா.”

“அப்போ ஏறுங்க. எனக்கு ஒரு தலை குறையுது.”

அவர் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரமிரோவை, மருந்தை, ஆறரை மணியை, எல்லாவற்றையும் அந்த ஜன்னல் வழியாகவே கொட்டினேன். பச்சை விழுந்து பின்னாலிருந்தவன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். லாயிட் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“நான் இதை எதிர்க்கறவன்மா. நானே அதுல போனா ஊர் என்ன சொல்லும்?” என்றார்.

“ஊரை விடுங்க பெரியவரே, உங்க வழுக்கையை வெச்சு எங்களுக்கு ஒரு தலை கணக்காகும்” என்றாள் பெர்னிஸ்.

அவர் ஏறவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியை அவர் காலில் ஏற்றியிருப்பேன்.

மறுநாள் காலை அதே இடத்தில் நின்றிருந்தார். அட்டை இல்லை. மதியச் சாப்பாட்டுக் காகிதப் பை மட்டும் கையில். பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஏன் வந்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை.

கொள்கையை விட்டாரா என்றால், அதுதான் இல்லை. வண்டிக்குள்ளேயே தடத்தைத் திட்டிக்கொண்டு வருவார். தடத்தில் பறந்துகொண்டே தடத்தைத் திட்டிய மனுஷன் உலகத்தில் அவர் ஒருவர்தான் இருப்பார். ஒருநாள் பக்கத்துத் தடத்தில் நின்றிருந்தவன் எங்கள் மேல் ஆரஞ்சு சோடாவை விசிறி அடித்தான். அது லாயிட் பக்கத்துக் கண்ணாடியில் வழிந்தது.

“அவனை எனக்குத் தெரியும்” என்றார் லாயிட் மெதுவாக. “என் மனுவுல முதல் பக்கத்துல இருக்கான்.”

பெர்னிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று சாயங்காலம் ரமிரோவிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். வலிக்க வலிக்கச் சிரித்தார். “அந்தப் பெரியவர்கிட்ட சொல்லு, அடுத்த தடவை எலுமிச்சை சோடாவா வீசச் சொல்லணும். கறை படியாது” என்றார்.

நான் அதை லாயிட்டிடம் போய்ச் சொன்னதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் ஏறி உட்கார்ந்ததும் முதல் கேள்வி இதுதான்.

“நேத்து என்ன பேசினார்?”

நான் சொல்வேன். அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லி அனுப்புவார். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இரண்டு கிழங்களும் என் வாயால் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒருநாள் வாருங்கள் என்றால், “நான் உள்ள வந்தா உங்க நேரம்தானேம்மா குறையும்” என்பார். தெருமுனையிலேயே இறங்கிக்கொள்வார்.

ஆகஸ்டில், லாயிட்டின் ஆட்கள் போட்டிருந்த வழக்கில் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். தடம் செல்லாது. உடனே எடுக்க வேண்டும்.

மறுநாள் காலை லாயிட் ஏறியதும் அவருடைய கேள்வி வரவில்லை. பாதி தூரம் போனபிறகுதான் பேசினார்.

“நான் போய்க் கேட்டேன்மா. வக்கீலையும் கேட்டேன், எங்க ஆளுங்களையும் கேட்டேன். ஒரு மாசம் தள்ளிப் போடுங்கன்னேன். சிரிக்கறானுங்க. உன்னை எவ்வளவுக்கு வாங்கினாங்கன்னு கேக்கறானுங்க.”

நான் வண்டியின் வேகத்தைக் கூட்டினேன்.

அன்று சாயங்காலம் நெடுஞ்சாலையில் ஏறியபோது பலகைகளைத் துணியால் மூடியிருந்தார்கள். வைரங்கள் தரையில் அப்படியே கிடந்தன, அவற்றின் மேல் வண்டிகள். எல்லாருக்கும் திறந்துவிட்டால் வேகமாகப் போகும் என்று அத்தனை பேரும் கிளம்பி வந்திருந்தார்கள் போலிருக்கிறது. பாலத்துக்கு முன்னால் ஒரு லாரி நின்றுபோக, எல்லாத் தடமும் நின்றுவிட்டது. ஆனால் ஒருவனுக்கும் கோபமில்லை. ஹாரன் அடித்தார்கள், கொண்டாட்டத்துக்கு. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டார்கள். ஒரு பெண் கொடியை ஆட்டினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ரமிரோவின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பின்கதவு திறந்தது. லாயிட் இறங்கிவிட்டார்.

“யோவ் பெரியவரே, எங்க போறீங்க?” என்று பெர்னிஸ் கத்தினாள்.

அவர் முன்னால் நின்ற வண்டியின் ஜன்னலில் குனிந்தார். மனுவுக்குக் கையெழுத்து வாங்கும்போது குனிவாரே, அதே மாதிரி. எங்கள் வண்டியைக் காட்டி ஏதோ சொன்னார். உள்ளே இருந்தவன் அவரை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“ஜெயிச்சுட்டோம்ல! ரேடியோவுல கேட்டேன் ஐயா உங்க குரலை!”

“தம்பி, கொஞ்சம் ஒதுங்கு. அந்தம்மா வீட்டுக்குப் போகணும்” என்றார் லாயிட்.

“எல்லாரும் வீட்டுக்குத்தானே போறோம்!”

அடுத்த வண்டி. அதற்கடுத்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் அவருக்குக் கைகுலுக்கல். ஒருவன் இறங்கி வந்து கட்டிப்பிடித்தான். இன்னொருவன் குளிர்ந்த பீரை நீட்டினான். அவர் அதைத் தட்டிவிட்டுக் கும்பிடாத குறையாக என்னைக் காட்டிக்கொண்டிருந்தார். கொடி வைத்திருந்த பெண் மட்டும் முழுதாகக் கேட்டாள். கொடியைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தாள். அவள் குரல் எனக்குக் கேட்டது.

“நகரணும்னுதான் இருக்கு. எங்க நகர்றது, சொல்லுங்க?”

உண்மைதான். அவளுக்கு முன்னும் பின்னும் இடமில்லை. ஊர் முழுவதும் கேட்டு வாங்கிக்கொண்ட தடத்தில் ஒரு கை அகலம் இடமில்லை.

லாயிட் திரும்பி வரும்போது சட்டை முழுக்க நனைந்திருந்தது. உட்கார்ந்தார். காகிதப் பையை மடித்தார், பிரித்தார், மடித்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பின்னால் பார்க்கிற கண்ணாடியை அவர் முகம் தெரியாதபடி திருப்பி வைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சொக்கோரோ வாசலிலேயே நின்றிருந்தாள். சாறு தட்டில் ஆடை கட்டிக் கிடந்தது. ரமிரோ தூங்கிக்கொண்டிருந்தார். ரேடியோவைக் காணோம்.

“ஆறரைக்கு மருந்து வேணாம்னுட்டான் அண்ணி” என்றாள். “அவ வரட்டும், அவ வரட்டும்னான். துண்டைக் கடிச்சுக்கிட்டே கெடந்தான். என்னால பார்க்க முடியல. ரேடியோவுல ஹாரன் சத்தம் போட்டுக் காட்டுறாங்க, ஊரே சந்தோஷமா இருக்குங்கறாங்க. அதை எடுத்துக்கிட்டுப் போயிடுன்னான். அப்புறம்தான் ‘குடு’ன்னான்.”

“வேற?”

அவள் தயங்கினாள்.

“உங்களுக்கு ஒண்ணு சொல்லச் சொன்னான். ‘கிழவிக்குக் கோபம் பொத்துக்கிட்டு வரும். அந்தப் பெரியவரை வையாதேன்னு சொல்லு. அவர் தெனமும் வந்தாருல்ல’ன்னான்.”

துண்டில் பல் பட்ட இடம் கிழிந்திருந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ரமிரோ அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. இப்போதும் தாங்கவில்லை. கடைசியாகக் கொஞ்சம் மூச்சு இருந்திருக்கிறது, அதில் நாலு வார்த்தை பேச முடிந்திருக்கிறது. அதை எனக்குச் சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? ஒருநாளும் முகம் பார்க்காத ஒரு வழுக்கைத் தலையருக்காகச் செலவழித்துவிட்டுப் போனார்.

அடக்கப் பூசைக்கு லாயிட் உள்ளே வரவில்லை. மாதா கோயிலுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதாகப் பெர்னிஸ் சொன்னாள். நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் வேலைக்குக் கிளம்பினேன். பெர்னிஸுக்கு அன்று விடுப்பு. ஏறுபாதை வரிசையில் நின்றபோது முன்னால் அவர் நின்றிருந்தார், காகிதப் பையோடு. இனி யாருக்கும் மூன்றாவது தலை தேவையில்லை. அவரிடம் சொந்த வண்டியும் இருந்தது. என் வண்டியைப் பார்த்ததும் ஓரடி முன்னால் வந்தார், பிறகு நின்றுவிட்டார்.

நான் முன்கதவைத் திறந்துவிட்டேன். ஏறினார். பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய வழக்கமான கேள்வி தொண்டையில் நிற்பது எனக்குத் தெரிந்தது. கேட்காமலே சொன்னேன்.

“உங்களை வையக்கூடாதுன்னார்.”

“என்னம்மா?”

“கடைசியா அவர் பேசினது அதுதான். எனக்குன்னு ஒண்ணும் சொல்லல. அந்தப் பெரியவரை வையாதே, தெனமும் வந்தாருன்னார்.”

லாயிட் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். காகிதம் கசங்குகிற சத்தம் கேட்டது. பச்சை விழுந்தது, நான் நெடுஞ்சாலையில் ஏறினேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் வைய ஆரம்பித்தேன். மனுவை வைதேன், அட்டையை வைதேன், ஜன்னல் ஜன்னலாக அவர் குனிந்ததை வைதேன், கோயிலுக்கு உள்ளே வராததை வைதேன். என் வாயில் இல்லாத வார்த்தையெல்லாம் வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுதும் கேட்டுக்கொண்டார். அன்று பாதை நெடுக நெரிசல். வைவதற்கு நிறைய நேரம் இருந்தது.