ஏழாயிரம்பண்ணை வெளிச்சம்

விருதுநகரில் பறக்கும் தட்டு ஆராய்ச்சிக்கு ஒரு சங்கம் நடத்தினோம் என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. அப்போதும் நம்பவில்லை. முறையாகப் பதிவு செய்த, லாப நோக்கமில்லாத சங்கம். லாபம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை என்பதை என் மனைவி நசிமா வேளா வேளைக்கு நினைவூட்டுவாள். தலைவர், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் லட்சுமிகாந்தம் சார். செயலாளர் நாகூர் கனியாகிய நான். மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தேன். பதிவுக்கு ஏழு பேர் வேண்டும் என்றதால் மிச்ச இடங்களை என் மச்சினன்மார் நிரப்பினார்கள். பெருநாள் பிறைக்கு அன்றி வேறெதற்கும் அவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்ததில்லை.

வேலை இதுதான். எங்கேயாவது வானத்தில் வெளிச்சம் தெரிந்ததாகத் தகவல் வந்தால் சாரின் ஸ்கூட்டரில் போவோம். பார்த்தவரை அவர் நின்ற இடத்திலேயே நிறுத்திக் கேட்போம். பிறகு அன்றைக்கு எந்தப் பட்டாசுக் கம்பெனி சாம்பிள் விட்டது என்று விசாரிப்போம். பொழுது சாய்ந்ததும் கண்மாய்க் கரையில் புது ரகத்தைக் கொளுத்திப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பச்சை உருண்டை பறந்தது என்பார்கள். விசாரித்தால் அது தீபாவளி சீசனுக்கு வரப்போகிற சரக்காக இருக்கும். காரியாபட்டியில் ஒருமுறை கல்யாண மண்டபத்துச் சுழல் விளக்கு. மற்றபடி வெள்ளி கிரகம். வேற்றுக்கிரகத்து ஆள் நிஜமாகவே சிவகாசியில் வந்து இறங்கினாலும், ஆர்டர் கொடுக்க வந்தவர் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்திருப்போம்.

செலவுக்குப் பணம் கொடுத்தவர் பட்டாசு முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி. புது மாப்பிள்ளையாக இருந்தபோது ஆனைக்குட்டம் அணைக்கு மேலே இன்னதென்று தெரியாத ஒன்றைப் பார்த்தாராம். பக்கத்தில் நின்ற அவர் மனைவி பொன்னுத்தங்கம், தான் எதையும் பார்க்கவில்லை என்று இன்றுவரை சொல்கிறார். அந்த ஒன்றுக்காக வருடா வருடம் எங்களுக்கு ஒரு செக். டெலஸ்கோப், கேமரா, அறை வாடகை எல்லாம் அதிலிருந்துதான். செக்கை நீட்டும்போது ஒன்றே ஒன்று கேட்பார்.

"ஒண்ணாவது தேறுச்சா பாய்?"

"இல்ல அண்ணாச்சி."

"பொய் சொல்லாம இருக்கீகளே, அதுக்கே குடுக்கலாம்."

இரண்டாயிரத்து ஆறு, பங்குனி மாதம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருந்த அவருடைய யூனிட்டில் வெடித்தது. வெடிமருந்து அடைக்கும் அறையில் இருந்த நாலு பெண்கள் செத்துப்போனார்கள். நாலு பேரும் ஒரே தெரு.

எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டால் எல்லாரும் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள். புகை எழும் திசையை வைத்து எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடலாம். நம் வீட்டுப் பிள்ளை போகிற திசை இல்லை என்றால் குனிந்து வேலையைப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். கல்நெஞ்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். மரத்த இடத்தில் கிள்ளினால் வலிக்காது, அவ்வளவுதான்.

செத்தவர்களில் குருவம்மாமீது பழி விழுந்தது. மருந்துத் தட்டைத் தூக்காமல் தரையோடு இழுத்தாள், உரசித் தீப்பிடித்தது என்றார்கள். பேச்சை ஆரம்பித்தது எதிர் வீட்டுச் சீனியம்மா. அவள் மகளும் அந்த நாலு பேரில் ஒருத்தி. உள்ளே இருந்தவர்கள் ஒருவர்கூட மிஞ்சாதபோது யார் பார்த்தது என்று கேட்க ஆளில்லை. மற்ற மூன்று வீட்டாரும் குருவம்மாவின் தாய் வேலுத்தாயோடு பேச்சை நிறுத்தினார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவள் ஆக்கிய சோறு, சாப்பிட யாரும் வராமல் அண்டாவோடு கிடந்ததாம்.

அதற்குப் பிறகுதான் வேலுத்தாய், அன்றைக்கு வானத்திலிருந்து சிவப்பாக ஒரு வெளிச்சம் வந்து கம்பெனிமேல் விழுந்ததைப் பார்த்ததாகச் சொன்னாள். வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் இன்னும் சிலரும் இருந்தார்கள். அண்ணாச்சி எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இது நம்ம கேஸ் பாய். போயி விசாரிங்க. மேலேருந்து வந்ததுன்னா செத்த புள்ளைக மேலயும் பழி இல்ல, கம்பெனி மேலயும் பழி இல்ல. லைசென்ஸும் தப்பிக்கும்." பிறகு, "நான் பாத்ததும் செவப்புத்தான்," என்றார். அந்தக் குரலில் கள்ளம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆசைதான் இருந்தது.

"நாலு உசுரு போயிருக்கு. நீங்க போயி வெளிச்சம் தேடுங்க," என்றாள் நசிமா.

வேலுத்தாய் எங்களை ஓடைப் பக்கம் அழைத்துப்போய், அன்றைக்கு ஆடு மேய்த்த இடத்தில் நின்றாள். அழவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கக்கூட இல்லை.

"வெளிச்சத்தப் பாக்குறதுக்கு முன்னாடி என்னம்மா செஞ்சுக்கிட்டு இருந்தீக?" எல்லாரிடமும் சார் கேட்கும் முதல் கேள்வி.

"ஆட்டப் பத்திக்கிட்டு இருந்தேன். டமார்னு சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தேன். அங்கன உசரத்துல செவப்பா விரிஞ்சு, கம்பெனி மேல விழுந்துச்சுய்யா."

சார் என்னைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்தேன்.

மற்றவர்கள் சொன்னதும் அதே. முதலில் சத்தம், பிறகு வெளிச்சம். சத்தம் கேட்காமல் பட்டப்பகலில் எங்கள் ஊரில் யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்? வெளிச்சம் வெடித்த அறைக்குள்ளிருந்துதான் கிளம்பியிருக்கிறது. மேலே போய் விரிகிற ஃபேன்சி ரகம். முடித்த சரக்கை மருந்து அறையில் வைக்கவே கூடாது. அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெண்கள் ஓட வழியில்லாமல் போனது அதனால்தான்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். ரசத்தில் உப்பில்லை என்று நசிமா சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னோம்.

"அப்ப இதுவும் தேறல."

"தேறல அண்ணாச்சி."

"எழுதித்தான் குடுக்கணுமா?"

"எப்பவும் எழுதித்தானே குடுக்கோம்," என்றார் சார்.

எழுதிக் கொடுத்தோம். அதிகாரிகளுக்கும் ஒரு நகல் அனுப்பினோம். பறக்கும் தட்டுச் சங்கத்தின் கடிதத்தை எந்த அலுவலகம் மதிக்கும்? பூட்டிய யூனிட் சீசனுக்கு முன்னாலேயே திறந்தது. எங்களுக்கு வரவேண்டிய செக் வரவில்லை. சங்கம் படுத்துவிட்டது மச்சினன்மாருக்கு இன்னும் தெரியாது.

அதெல்லாம் பிறகு. அந்த வாரமே வேலுத்தாயிடம் சொல்ல நான் மட்டும் போனேன்.

"வெளிச்சம் மேலேருந்து வரலம்மா. கம்பெனிக்குள்ளேருந்துதான் கிளம்பியிருக்கு."

"அப்ப எம்மக கைதானா?"

"அது யாருக்கும் தெரியாதும்மா. தீ எப்படிப் புடிச்சதுன்னு சொல்ல ஒரு ஆளும் மிச்சமில்ல."

அவள் முகம் அசையவில்லை. பிறகு, "தெரியாதுங்கிறத எழுதித் தருவீகளா?" என்றாள். "வெளிச்சத்துக்கு எழுதுறீகள்ல, இதுக்கும் ஒண்ணு எழுதுங்க. ஸ்டாம்பு வச்சுக் குடுங்க."

தீயைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. சங்கத்துத் தாளில் எழுதினேன்: தீ எப்படிப் பிடித்தது என்று அறிய வழியில்லை, குருவம்மாவால்தான் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. கையெழுத்துப் போட்டு ஸ்டாம்பும் வைத்தேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. தெருவுல நின்னு வாசிங்க. அவுக காதுல விழணும்."

தெரு நடுவில் நின்று வாசித்தேன். வத்தல் ஏலம் கூறிப் பழகிய தொண்டை. எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கும். யாரும் வெளியே வரவில்லை. எதிர் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். வேலுத்தாய் தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். வெறும் காகிதத்தைக் கொடுத்து ஏமாற்றிவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.

பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு இரைத்தது.

"பாய், நான் எதுத்த வீட்டுச் சீனியம்மா."

"சொல்லுங்கம்மா."

"அந்தத் தாளு மாதிரி எம்மவ பேருக்கும் ஒண்ணு எழுதித் தருவீகளா?"

"ஒங்க மகள யாரும் ஒண்ணும் சொல்லலையேம்மா."

"சொல்லல." முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். "நானும் முன்னாடி அதே ரூமுல வேல பாத்தவதான். எம்மவதான் தட்ட இழுப்பா. தூக்குடி, இழுக்காதடின்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டா. யாரும் அவளச் சொல்லிரக் கூடாதுன்னு நான் முந்திக்கிட்டேன் பாய்."

பஸ் வந்து நின்றது, போனது. பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தேன்.

"மக பேரு என்னம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை.