ஏழரைக் கோடு

"மருந்தைச் சரியாத்தான் குடுக்கறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

குடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டுக் கேட்கிற கேள்வி அது. எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. என் மடியில் அக்ஷரா தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டு மாதக் குழந்தை. காலையில் மருந்து குடுப்பதற்கு முன்னாலேயே ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லி, வெறும் வயிற்றோடு வரவழைத்துக் குத்தியிருந்தார்கள். பஞ்சு இன்னும் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வேளை தவறாமக் குடுக்கறமுங்க."

"ரத்தத்துல மருந்து தேவைக்குக் கம்மியா இருக்கும்மா. தூங்கிட்டே இருக்காளேன்னு பயந்து நீங்களா குறைச்சீங்களா? வீட்ல யாராவது வேண்டாம்னு சொல்றாங்களா?"

எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறும். என் வாய்க்குப் பயந்து நான் வேலை பார்த்த கம்பெனியில் சூப்பர்வைசரே ஒதுங்கிப் போவார். "எம் புள்ளைக்கு வலிப்பு வர்றத வேடிக்கை பாக்கறதுக்கா நான் வேலைய உட்டுப்போட்டு ஊட்ல உக்காந்திருக்கறேன்?" என்று கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் வேல்குமார் என் முழங்கையைப் பிடித்து அமுக்கினார். நான் உதறினேன்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு முறை வலிப்பு வரும்போதும் மூளைக்குக் கெடுதல், இந்த மருந்து கேட்கவில்லை என்றால் வேறு மருந்துக்கு மாற வேண்டும், அது இன்னும் கடுமையானது, கல்லீரலைக்கூடப் பாதிக்கலாம், அதனால் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் ஆரம்பிக்க முடியும். "சாயந்திரமே கிளம்பிடுங்க. லெட்டர் எழுதித் தரேன்."

கல்லீரல் என்ற வார்த்தை மட்டும் என் காதில் நின்றது. அவளுடைய வயிறே என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதற்குள் கல்லீரல் எவ்வளவு இருக்கப்போகிறது?

முதல் முறை வலிப்பு வந்தபோதும் இதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். ஒரு மருந்து எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது கமலாம்பாள் என்கிற நர்ஸக்கா ஊசியில்லாத சின்ன சிரிஞ்ச் ஒன்றைக் கையில் கொடுத்து, அதில் பேனாவால் ஒரு கோடு போட்டு, "முக்கால் எம்.எல். கண்ணு. இதுவரைக்கும் இழுத்து, கடைவாயில உடு. காலையில ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா" என்றார். அப்படியே செய்தேன். வலிப்பு நின்றது. அவள் குப்புற விழுந்தாள், சிரித்தாள், அப்பாவின் கழுத்தில் தொங்கும் டேப்பைப் பிடித்து இழுத்தாள். கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தோம்.

அந்த டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு பனியன் கம்பெனியில் அளவு பார்க்கிற வேலை. தைத்து வருகிற டி-சர்ட்டை மேசையில் விரித்து, கழுத்து, தோள், கை என்று அளந்து பாஸ் போட வேண்டும். எங்கள் பக்கம் ஒரு இன்ச்சை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஒரு நூல் என்போம். கால் இன்ச் ரெண்டு நூல், அரை இன்ச் நாலு, முக்கால் என்றால் ஆறு. அவருக்கு டேப்பே வேண்டாம், கண்ணாலேயே சொல்லிவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். என் பொட்டு ஒரு நூல் இடது பக்கம் தள்ளியிருக்கிறது என்பார். சாமி படம் அரை நூல் சாய்ந்திருக்கிறது என்பார். தோசை வட்டமாக வரவில்லை என்று மட்டும் சொன்னதில்லை. சொன்னால் கிடைக்காது என்று தெரியும்.

சிரிஞ்சை வெந்நீரில் போட்டுக் கழுவிக் கழுவி, பேனாக் கோடு அழிந்தது. எண்களும் அழிந்தன. அழுத்தமாகப் போட்டிருந்த கோடுகள் மட்டும் மிஞ்சின. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது அவர்தான், "இதுக்கு ஏன் பயப்படற?" என்று வாங்கி, கீழேயிருந்து கோடுகளை எண்ணி, ஒரு இடத்தில் சிவப்பு நூலை இறுக்கிக் கட்டி, அழியாமல் இருக்க அதன்மேல் என் நகப்பூச்சையும் தடவிக் கொடுத்தார்.

"முன்னைக்கு இப்பக் கொஞ்சம் எறக்கமாத் தெரியலீங்களா?" என்று கேட்டேன்.

"முக்கால் எதுன்னு எனக்கே சொல்லித் தர்றயா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அளவில் அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அதற்குப் பிறகுதான் மறுபடியும் வலிப்பு வர ஆரம்பித்தது. முதலில் வலது கை சுண்டு விரல் வெட்டி வெட்டி இழுக்கும். பிறகு கை முழுவதும். கண் ஒரு பக்கமாகப் போய்ச் செருகிக்கொள்ளும். உதடு நீலமாகும். முடிந்த பிறகு, நான் யார் என்றே தெரியாதவள் போல என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சென்னிமலை முருகனுக்கு அவள் முடியை நேர்ந்துகொண்டேன், பிறகு என் முடியையும் நேர்ந்துகொண்டேன். அவள் தூங்கினாலும் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயமாக இருந்தது.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "தெகிரியமா இரு மது, கோயமுத்தூர் போயிரலாம்" என்றார். அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் அவர்மேல் கொட்டியது.

"உங்க ஜாதகத்தக் கட்டிக்கிட்ட அன்னைக்கே எனக்கு ஏழரை புடிச்சிருச்சு! என்னையப் புடிச்சது பத்தாதுன்னு எம் புள்ளையையும் புடிச்சிருக்குது!"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். கமலாம்பாள் நர்ஸக்கா ஓடி வந்தார். "கண்ணு, கண்ணு, ஆஸ்பத்திரில அந்தப் பேச்சு வேண்டாம். மொதல்ல காலை மருந்தக் குடு. ரத்தம் எடுத்தாச்சல்ல."

என் கையில் குழந்தை இருந்தது. பையிலிருந்த சிரிஞ்சையும் மருந்து பாட்டிலையும் என் வீட்டுக்காரரே எடுத்து, மருந்தை இழுத்தார். சிவப்பு நூலுக்குச் சரியாக, ஒரு மயிரிழை கூடக் குறையாமல் நிறுத்தினார். நர்ஸக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது எவ்வளவுங்க?"

"முக்காலுங்க."

"இது முக்கால் இல்லீங்களே. பாயிண்ட் ஆறு."

"ஆறுதானுங்கக்கா. ஆறாவது கோடு. முக்கால்னா ஆறு கோடுதானுங்களே?"

நர்ஸக்காவுக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரர் தன் கழுத்திலிருந்த டேப்பை உருவி, ஒரு இன்ச்சை விரலால் தொட்டுக் காட்டினார். "ஏனுங்க, ஒண்ணுக்கு எட்டு. அதுல முக்கால் ஆறு."

"அது இன்ச்சுங்க. இதுல ஒண்ணுக்குப் பத்துக் கோடு. முக்கால்னா பாயிண்ட் எழுபத்தஞ்சு."

அவர் நம்பவில்லை. சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து, கட்டை விரல் நகத்தால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணினார். ஆறு வரைக்கும் குரல் உறுதியாக இருந்தது. ஏழு, எட்டு. எட்டில் நிற்கவில்லை. ஒன்பது என்று சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது. பத்து என்பதை உதடு மட்டும் சொன்னது.

நர்ஸக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "தப்பு எம்பேர்லதான் கண்ணு. அன்னைக்கு ஏழரைக் கோடு வரைக்கும்னுதான் சொல்ல வந்தேன். பச்சப் புள்ளைக்கு மொத மொதல்ல மருந்து எடுத்துக் குடுக்கறப்ப, அந்த வார்த்தை எதுக்கு வாயில வரோணும்னு முக்கால்னு சொன்னேன்."

யாரை அடிப்பது? மூன்று பேருமே அவளுக்கு நல்லது நினைத்திருந்தோம். அந்த நல்லதில்தான் குழந்தை மருந்து பத்தாமல் துடித்திருக்கிறாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

டாக்டரம்மாவிடம் நர்ஸக்காவே போய்ச் சொன்னார். டாக்டரம்மா சிரிஞ்சைக் கையில் வாங்கி, நூலைப் பார்த்தார்.

"எவ்வளவுங்க கொறஞ்சிருக்குது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அஞ்சுல ஒரு பங்கு."

"கழுத்துல ரெண்டு நூல் கொறஞ்சாலே நான் பெட்டியோட திருப்பி அனுப்புவனுங்க," என்றார். டாக்டரம்மாவுக்கு அது விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது. அவரைத் திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

கோயமுத்தூர் இப்போதைக்கு வேண்டாம், இங்கேயே வார்டில் சேர்த்து, சரியான அளவு கொடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. ரத்தத்தில் மருந்து ஏறுவதற்கு நாளாகும், அதற்குள் வலிப்பு வந்தாலும் வரும், இதுவரை வந்ததில் என்ன ஆகியிருக்கிறது என்பதைப் போகப் போகத்தான் சொல்ல முடியும் என்றும் சொன்னார். காலை மருந்தை நர்ஸக்காவே சரியாக அளந்து கொடுத்தார்.

சாயந்திர மருந்துக்குப் புது சிரிஞ்ச் வந்தது. எண்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொடமாட்டன் மது."

நானே இழுத்தேன். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் கோடே இல்லை. வெறும் இடத்தில் நிறுத்த வேண்டும். கண்ணில் தண்ணீர் நிறைந்து, ஏழும் எட்டும் ஒன்றாகத் தெரிந்தன.

"எனக்குக் கண்ணு தெரியலீங்க. நீங்க புடிங்க."

வாங்கினார். டேப்பைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு, சிரிஞ்சை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். இத்தனை வருஷம் கண்ணாலேயே அளந்தவர், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க நிறுத்தட்டும்? நீயே சொல்லு."

"ஏழரை," என்றேன். பக்கத்துக் கட்டில் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். "ஏழரைங்க. ஏழரையில நிறுத்துங்க."

நிறுத்தினார். அக்ஷரா கடைவாயில் வாங்கி, முகத்தைச் சுளித்து விழுங்கினாள். கட்டிலில் கிடந்த டேப்பை எடுத்துச் சப்ப ஆரம்பித்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் வலது கை சுண்டு விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.